பி.எம்.பி. புதுப்பிக்க ஐந்து மாதம், கையில் 17 பி.டி.யு.: கீழக்கரையில் இருந்தபடி முடியுமா?

கீழக்கரை கலங்கரை
ஏப்ரல் 16, இரவு 9.40

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவருக்கும் வணக்கம்.

வளைகுடாவில் பதினொரு ஆண்டுகள் திட்டமிடல் பொறியாளராக இருந்தேன். வாப்பாவின் உடல்நிலை காரணமாகச் சென்ற ஆண்டு ஊருக்குத் திரும்பிவிட்டேன். இப்போது ராமநாதபுரத்தில் ஒரு கட்டுமான ஒப்பந்ததாரரிடம் வேலை. பி.எம்.ஐ. என்ற பன்னாட்டு அமைப்பு திட்ட மேலாளர்களுக்குத் தரும் பி.எம்.பி. சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. அதன் மூன்றாண்டுச் சுற்று செப்டம்பர் 20 அன்று முடிகிறது. புதுப்பிக்கத் தேவை 60 பி.டி.யு., அதாவது தொழில் வளர்ச்சிக்குச் செலவிட்ட மணி நேரக் கணக்கு. என் கணக்கில் இருப்பது 17. அதுவும் அட்டவணை, செலவுக் கட்டுப்பாடு பற்றிய ஒரே பயிற்சியில் கிடைத்தது.

சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. அழைத்துப் பேசினேன். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துப் பணத்தை அனுப்பினால் இரண்டு நாளில் மீதி 43 பி.டி.யு. கணக்கில் ஏறிவிடுமாம். எந்த வகுப்பிலும் உட்கார வேண்டாமாம். "உங்கள் ஊர்க்காரர்கள் பலர் செய்திருக்கிறார்கள்" என்றும் சொன்னார். மனம் ஒப்பவில்லை. ஆனால் பகல் முழுவதும் பணியிடம், மாலையில் வாப்பாவுக்குத் துணை. இதற்கு நடுவில் 43 மணி நேரம் எங்கே தேடுவேன்? சென்னைக்குப் போய்வரவும் வழியில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் முகாம்
ஏப்ரல் 16, இரவு 10.25

வ அலைக்கும் ஸலாம் தம்பி. வாப்பா நலம் பெறட்டும்.

கடவுச்சொல்லை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். மற்றதையெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

நான் மூன்று முறை புதுப்பித்தவள். மூன்று முறையும் மண்டபத்தில் இருந்தபடியேதான். 43 என்று மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். பிரித்துப் பாருங்கள். 60 பி.டி.யு.வில் குறைந்தது 35 கற்றலில் வர வேண்டும். தொழிலுக்குத் திருப்பித் தருவதில், அதாவது வேலை செய்வது, கற்பிப்பது போன்றவற்றில், அதிகபட்சம் 25 வரலாம். கற்றலுக்குள் ஒரு முக்கோணம் போல மூன்று பக்கங்கள் உண்டு: வேலை செய்யும் முறைகள், பவர் ஸ்கில்ஸ் (ஆட்களோடு பழகி வழிநடத்தும் திறன்), பிசினஸ் அக்யூமன் (தொழிலின் பெரிய கணக்கைப் புரிந்துகொள்வது). ஒவ்வொன்றிலும் குறைந்தது 8 வேண்டும். 2022-இல்தான் இந்தப் பெயர்கள் வந்தன. அதற்கு முன் தொழில்நுட்பம், தலைமைப்பண்பு, உத்தி என்று இருந்தன. நீங்கள் பழைய பெயரில் தேடிக்கொண்டிருந்தால் குழப்பம் வரும்.

உங்கள் 17 பி.டி.யு. முழுவதும் முதல் பக்கத்தில் நிற்கிறது. ஆகவே மற்ற இரண்டு பக்கங்களுக்கும் எட்டெட்டு, எந்தப் பக்கமானாலும் இன்னும் 2. மொத்தம் 18. கற்றல் 35 ஆகிவிட்டது.

இப்போது ஒரு கேள்வி. இந்த மூன்று ஆண்டும் திட்டப் பணியிலேயே இருந்தீர்கள் அல்லவா? அந்த வேலைக்கே ஒரு சுற்றில் 8 பி.டி.யு. வரை பதியலாம். பதிந்தீர்களா? வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களில் நான் பார்த்த பலர் இதைப் பதியாமலே விட்டிருக்கிறார்கள். கற்றல் 35-உடன் அதைச் சேர்த்தால் 43. எஞ்சுவது 17. அதைக் கற்பித்தலில் வேண்டுமானாலும், மேலும் கற்பதில் வேண்டுமானாலும் நிரப்பலாம்.

ஆக, உட்கார்ந்து செலவிட வேண்டியது அந்த 18-உம் இந்த 17-உம் சேர்த்து 35 மணி நேரம். இருப்பது இருபத்திரண்டு வாரம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஒரு மணி நேரம் ஒரு பி.டி.யு. கால் மணி நேரத்தையும் 0.25 என்று பதியலாம்.

கீழக்கரை கலங்கரை
ஏப்ரல் 16, இரவு 11.05

அந்த 8 பற்றி எனக்குத் தெரியவே தெரியாது லாத்தா. இன்றிரவே பதிகிறேன். மூச்சு வந்தது.

உச்சிப்புளி இளையவன்
ஏப்ரல் 17, காலை 7.15

இடையில் ஒரு சந்தேகம். நான் பி.எம்.ஐ.யின் தொடக்கநிலைச் சான்றிதழான கேப்பம் வைத்திருக்கிறேன். எனக்கு மூன்று ஆண்டில் 15 போதும் என்கிறார்கள், சரியா? அடுத்த ஆண்டு பி.எம்.பி. எழுத 35 மணி நேரப் பயிற்சியில் சேரப் போகிறேன். அந்த 35 மணி நேரத்தை பி.எம்.பி. கிடைத்தபின் பி.டி.யு.வாகக் காட்டலாமா?

மண்டபம் முகாம்
ஏப்ரல் 17, காலை 8.02

15 சரி. இரண்டாவது கேள்விக்கு, காட்ட முடியாது தம்பி. தேர்வுக்குத் தகுதியாகக் காட்டிய பயிற்சி அத்தோடு முடிந்தது. பி.எம்.பி. கிடைத்த நாளுக்குப் பின் செய்தவைதான் பி.எம்.பி. கணக்கில் ஏறும்.

தொண்டி மேற்கு
ஏப்ரல் 17, இரவு 8.50

கீழக்கரைத் தம்பிக்கு. இதை எழுதலாமா வேண்டாமா என்று நேற்றிலிருந்து யோசித்தேன். எழுதுவதே சரி என்று பட்டது.

நீங்கள் சொன்ன அதே வழியில் நான் போனேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டில் ஒரு குழாய்ப்பாதைப் பணியில் இருந்தேன். நாளுக்குப் பதினான்கு மணி நேர வேலை. சுற்று முடிய மூன்று வாரம்தான் இருந்தது. ஓர் இடைத்தரகரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். ஒரே இரவில் 41 ஏறியது. நான் பெயர்கூடக் கேள்விப்படாத பயிற்சிகள், நான் பணியிடத்தில் நின்றுகொண்டிருந்த தேதிகளில்.

பிறகு தணிக்கைக்கு என் பெயர் வந்தது. தணிக்கைக்கு யாரை எடுப்பார்கள் என்பது முன்கூட்டித் தெரியாது. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஆதாரம் கேட்டார்கள். தரகரின் எண் அணைக்கப்பட்டிருந்தது. என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. பதிவுகள் நிராகரிக்கப்பட்டன. சான்றிதழ் இடைநிறுத்தத்தில் போனது.

அந்த ஓராண்டு எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும். இடைநிறுத்தத்தில் இருக்கும்போது பெயருக்குப் பின்னால் அந்த மூன்று எழுத்தைப் போடக்கூடாது. எங்கள் நிறுவனம் ஒரு பெரிய ஒப்பந்தப்புள்ளிக்குப் போனது. பொறுப்பாளர்களின் தன்விவரத்தில் பி.எம்.பி. இருக்க வேண்டும் என்பது வாடிக்கையாளரின் நிபந்தனை. மேலாளர் என் மேசைக்கு வந்து, "உன் விவரத்தைப் புதுப்பித்துக் கொடு" என்றார். கொடுக்க முடியாத காரணத்தை நான் அவரிடம் நேரே சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். அந்தப் பணிக்கு வேறொருவர் போனார்.

அந்த ஆண்டுக்குள் 60 பி.டி.யு.வையும் முறைப்படி படித்து முடித்தேன். சான்றிதழ் திரும்பியது. ஆனால் அடுத்த சுற்று பழைய தேதியிலிருந்தே எண்ணப்படும் என்பதால், அடுத்த 60-க்கு எனக்கு இரண்டு ஆண்டுதான் கிடைத்தது. அந்த ஓராண்டையும் தவறவிட்டிருந்தால் விண்ணப்பம், கட்டணம், தேர்வு என்று முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

பி.எம்.ஐ.யின் நெறிமுறை நான்கு சொற்களில் நிற்கிறது: பொறுப்பு, மதிப்பு, நியாயம், நேர்மை. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தவன் நான். தம்பி, பணத்தை அனுப்பாதீர்கள்.

கீழக்கரை கலங்கரை
ஏப்ரல் 17, இரவு 9.30

காக்கா, இதை எழுதியதற்கு நன்றி. அந்த எண்ணைத் தடை செய்துவிட்டேன்.

நவபாஷாணக் கரை
ஏப்ரல் 18, காலை 6.10

நான் தேவிபட்டினத்தில் இருக்கிறேன். அரசுப் பணியில் கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 72. என்னிடம் இந்தச் சான்றிதழ் எதுவும் இல்லை. இந்த உரையாடலைப் படித்தபோது ஒரு வருத்தம் எழுந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது எனக்குப் பதினொரு வயது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன ரயில் பயணிகளோடு போய்விட்டது. பாம்பன் பாலத்தின் கர்டர்கள் (இரும்பு உத்தரங்கள்) கடலுக்குள் கிடந்தன. அந்தப் பாலத்தைச் சீரமைக்க முதலில் ஆறு மாதம் என்றார்கள், பிறகு மூன்று மாதம் என்றார்கள். ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் முடித்தார். விழுந்த கர்டர்களையே கடலிலிருந்து எடுத்துப் பொருத்தினார்கள். நீங்கள் சொல்லும் பி.எம்.ஐ. தொடங்கியதே 1969-இல். வேலை தெரிந்தவனுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை 60 மணி நேரக் கணக்கு எதற்கு? படிப்பு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மணிக்கணக்கில் அளக்கப் போனால் தரகர்கள் முளைக்கத்தான் செய்வார்கள்.

குந்துகால் துறை
ஏப்ரல் 18, காலை 9.45

ஐயா சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். மணிக்கணக்கு அறிவு ஆகாது. ஆனால் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. அந்த 46 நாளில் எந்த நாள் என்ன நடந்தது, எந்தக் கர்டரை எப்படித் தூக்கினார்கள், எங்கே தவறினார்கள் என்று அங்கே வேலை செய்த நூற்றுக்கணக்கானவர்கள் சொல்லி, நம் ஊர்ப் பிள்ளைகள் கையில் ஒரு குறிப்பேடாக இருக்கிறதா? நான் தேடிய வரையில் எனக்குக் கிடைக்கவில்லை. கதையாக வந்திருக்கிறது. பாடமாக வரவில்லை. இந்த பி.டி.யு. ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, ஒருவன் தான் செய்ததை எழுதவும் சொல்லவும் வற்புறுத்தப்படுகிறான் என்பதுதான்.

நான் கடலோரக் கட்டுமானத்தில் இருக்கிறேன். பி.எம்.பி. வாங்கி ஐந்து ஆண்டாகிறது. ஒரு கேள்வி: புதிய பாம்பன் பாலத்தைப் பற்றி நான் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். அது பி.டி.யு. ஆகுமா?

மண்டபம் முகாம்
ஏப்ரல் 18, காலை 11.20

படிப்பதற்கும் இடம் உண்டு தம்பி. ஆனால் "பாலத்தைப் பற்றிப் படித்தேன், 3 மணி நேரம்" என்று எழுதினால் அது வெறும் ஆர்வம். திட்ட மேலாண்மையில் எதைக் கற்றீர்கள், அது முக்கோணத்தில் எந்தப் பக்கம், உங்கள் வேலையில் எங்கே பொருந்துகிறது என்று எழுத வேண்டும். என்ன படித்தீர்கள், எந்த நாள், எவ்வளவு நேரம், எடுத்த குறிப்பு என்ன என்பதையெல்லாம் ஒரு கோப்பில் வையுங்கள். சுற்று முடிந்து 18 மாதம் வரை ஆதாரங்களை வைத்திருக்கச் சொல்கிறார்கள்.

உங்கள் குறிப்பை இங்கே போடுங்களேன், பார்ப்போம்.

குந்துகால் துறை
ஏப்ரல் 19, மாலை 5.30

போடுகிறேன். சற்று நீளம்.

2019 மார்ச்சில் அடிக்கல். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். தூணுக்குத் தூண் 18.3 மீட்டர் கண்கள் 99, நடுவில் கப்பல் போக மேலே எழும் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி. 1914-இல் திறந்த பழைய பாலத்தின் இரு சிறகுகளையும் வேலையாட்கள் கையால் நெம்பித் திறந்தார்கள். புதியது மின்விசையில் 17 மீட்டர் நேரே மேலே எழுகிறது. செலவு ஏறத்தாழ 550 கோடி ரூபாய்.

இதையெல்லாம் செய்தித்தாளில் எவரும் படித்திருப்பார்கள். நான் எழுதி வைத்தது வேறு. அந்தத் தூக்குப் பகுதியின் எடை 660 டன். அதைக் கரைப்பக்கத்தில் கோத்து, வளைவான தடத்தின் மேல் மெல்ல மெல்ல நகர்த்திக் கால்வாய்க்குக் கொண்டுபோனார்கள். மாதக்கணக்கில் ஆனது. நான் குந்துகாலில் இருந்து நாள்தோறும் பார்த்துக்கொண்டே இருந்தேன். காற்று கூடிய நாளில் வேலை நிற்கும். நம்மில் எத்தனை பேர் அட்டவணை போடும்போது பாம்பன் காற்றுக்கு நாள் ஒதுக்குகிறோம்? மதுரையில் போடும் அட்டவணையை அப்படியே இங்கே கொண்டுவந்து, ஆடிக் காற்றிலும் ஐப்பசி மழையிலும் நாள் போய்விட்டதே என்று பதறுகிறோம். இது முதல் பக்கம்.

ரயில் நின்ற இரண்டே கால் ஆண்டு ராமேஸ்வரம் வரவேண்டிய வண்டிகள் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் நின்றன. யாத்ரீகர்கள் பஸ் பிடித்தார்கள். தீவுக்குள் ரயிலை நம்பியிருந்த சிறு கடைக்காரர்களின் வருமானம் எங்கே போனது, மண்டபத்தில் யாருக்குக் கூடியது? ஒரு திட்டம் நடக்கும்போது அதன் சுமை யார் தலையில் இறங்குகிறது என்ற இந்தக் கணக்குதான் பிசினஸ் அக்யூமன் என்று நான் புரிந்துகொண்டேன்.

வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே அந்தக் கால்வாய் வழியாகத்தான் படகுகள் போகின்றன. கட்டுமான நாட்களில் படகுக்காரர்களுக்கு முன்கூட்டித் தகவல் சொல்வது, அவர்கள் கோபத்தைக் கேட்பது, அதைத் தளத்தில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பது. இது பவர் ஸ்கில்ஸ்.

மண்டபம் முகாம்
ஏப்ரல் 19, மாலை 6.40

இதைத்தான் கேட்டேன். மூன்றையும் தனித்தனிப் பதிவாக, செலவழித்த உண்மையான நேரத்தோடு எழுதுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்.

தங்கச்சிமடம் வடகடல்
ஏப்ரல் 20, இரவு 10.15

அப்பா விசைப்படகு வைத்திருக்கிறார். நான் வீட்டிலிருந்தபடி ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். மென்பொருள் குழுக்களை வழிநடத்துவதற்கான ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழும் பி.எம்.பி.யும் இருக்கின்றன.

தேவிபட்டினம் ஐயாவின் கேள்வியை அப்பாவிடம் சொன்னேன். ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கிவிட்டதல்லவா, அவர் படகைக் கரையேற்றிவிட்டு வீட்டில் இருக்கிறார். ஜூன் 14 வரை 61 நாள். பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, இடுக்கில் பஞ்சு வைத்து, வண்ணம் பூசி, எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார். மீன்துறையினர் வந்து படகை ஆய்வு செய்வார்கள். நான் கேட்டேன், "நாற்பது வருடமாகக் கடலுக்குப் போகிறீர்கள், உங்கள் படகை இன்னொருவர் வந்து பார்க்க வேண்டுமா?" அவர் சொன்னார், "நான் நல்லவன்தான், பலகை நல்லதாக இருக்கிறதா என்று நான் கடலில் இருக்கும்போது எனக்குத் தெரியாதே." எனக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

கீழக்கரை அண்ணனுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பி.எம்.ஐ.யின் வலைத்தளத்தில் பதிவு செய்யப்பட்ட கருத்தரங்குகள் இருக்கின்றன. எந்த நேரமும் பார்க்கலாம். அங்கே பார்ப்பவை பெரும்பாலும் தாமாகவே கணக்கில் ஏறிவிடும். நேரலை நிகழ்ச்சிகள் நம் நேரப்படி இரவு வெகுநேரம் கழித்து வருகின்றன. எங்கள் தீவில் மின்தடை அறிவித்த நாளுக்கு முந்தைய இரவு நான் பார்த்துவிடுவேன். ஐ.ஐ.டி.க்களின் இணையப் பாடத்தளமான என்.பி.டி.இ.எல்.லில் திட்ட மேலாண்மைப் பாடங்கள் இலவசம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டும் என்றால்தான் கட்டணம். அதை நீங்களே விவரத்தோடு பதிய வேண்டும்.

என் ஸ்க்ரம் சான்றிதழுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 20 அலகும் 100 டாலரும். ஒரே கருத்தரங்கின் நேரம் இரண்டு பக்கமும் உதவுகிறது. அதனால் ஒரே நோட்டில் எழுதுகிறேன்.

கீழக்கரை கலங்கரை
ஏப்ரல் 20, இரவு 10.50

நன்றி தங்கை. புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு? உறுப்பினர் ஆகியே தீர வேண்டுமா?

தங்கச்சிமடம் வடகடல்
ஏப்ரல் 20, இரவு 11.00

உறுப்பினருக்கு 60 டாலர், மற்றவர்களுக்கு 150 டாலர். உறுப்பினராக இருப்பது கட்டாயம் இல்லை. சந்தாவையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். 60 முடிந்தும் கட்டணம் கட்டாமல் தேதி தாண்டினால் புதுப்பித்தது ஆகாது.

நவபாஷாணக் கரை
ஏப்ரல் 21, காலை 6.00

அந்த மீனவரின் பதிலை இரண்டு முறை படித்தேன். அவர் சொல்வது சரி. என் எதிர்ப்பை அந்த அளவுக்குத் தளர்த்திக்கொள்கிறேன். மணிக்கணக்கு பற்றிய ஐயம் அப்படியேதான் இருக்கிறது.

மண்டபம் முகாம்
ஏப்ரல் 21, காலை 8.30

ஐயா, ஐயம் இருக்கட்டும். நான் ஒன்று கேட்கிறேன். முறைசாராக் கற்றல் என்று ஒரு வகை உண்டு. அனுபவம் உள்ள ஒருவரோடு பொருளை முன்கூட்டி வகுத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுவதும் அதில் அடங்கும். நீங்கள் முப்பது ஆண்டுக்கு மேல் இந்தக் கடற்கரையில் கட்டியவர். இங்கே எழுதும் எங்களில் யாருக்கும் அந்த அனுபவம் இல்லை. ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் தருவீர்களா? நாங்கள் தேவிபட்டினம் வருகிறோம்.

நவபாஷாணக் கரை
ஏப்ரல் 21, மாலை 4.45

என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் நினைவுக்கு வருகிறது.

வாலிநோக்கம் பக்கம் ஒரு வேலை. பெயர் வேண்டாம். ஒப்பந்ததாரர் கொடுத்த அட்டவணையில் சிமென்ட், கம்பி, ஆள், மரச்சட்டம் எல்லாம் இருந்தது. தண்ணீர் இல்லை. இங்கேதான் கிணறு இருக்கிறதே என்றார். கிணற்று நீரை ஆய்வுக்கு அனுப்பினேன். கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி அனுமதிக்கும் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம். அதைப் போல ஆறு மடங்கு இருந்தது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கான 2000 அளவையே தாண்டிவிட்டது. நல்ல தண்ணீரை முப்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்து லாரியில் கொண்டுவர வேண்டியிருந்தது. கான்கிரீட் போட மட்டுமா? அதை நனைத்து வைக்கவும் அதே தண்ணீர்தான். கோடையில் லாரி கிடைக்கவில்லை, ஊராருக்கே குடிக்க இல்லை. எங்கள் வேலைக்குத் தண்ணீர் போகிறது என்று பெண்கள் குடங்களோடு வந்து வழியில் உட்கார்ந்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. மழை முடியும் வரை வேலையைத் தள்ளிவைக்க எழுதினேன். மேலிடத்தில் பெயர் கெட்டது. ஆனால் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதே காலத்தில் உப்புத் தண்ணீரில் போட்ட ஒரு சுற்றுச்சுவரின் தூண்கள் பத்தாண்டுக்குள் கம்பி துருவேறிப் பிளந்துவிட்டன.

இது உங்களுக்குப் பயன்படும் என்றால் பேசுகிறேன்.

குந்துகால் துறை
ஏப்ரல் 21, மாலை 5.10

ஐயா, இதில் இடர் மேலாண்மை இருக்கிறது, கொள்முதல் இருக்கிறது, ஊராரின் தேவை இருக்கிறது, மேலிடத்துக்கு எழுதும் துணிவு இருக்கிறது. நான் பணம் கட்டிப் படித்த எந்த வகுப்பிலும் ஒரே நிகழ்ச்சியில் இத்தனை கிடைத்ததில்லை. கண்டிப்பாக வருகிறோம்.

தொண்டி மேற்கு
ஏப்ரல் 21, இரவு 9.15

என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு செய்தி: சுற்றின் கடைசி ஓராண்டில் தேவைக்கு மேல் சம்பாதித்தால் 20 பி.டி.யு. வரை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகலாம். கீழக்கரைத் தம்பி 60 வந்ததும் நிறுத்திவிட வேண்டாம்.

உச்சிப்புளி இளையவன்
ஏப்ரல் 22, காலை 7.40

எங்கள் கல்லூரியில் கட்டடவியல் இறுதியாண்டு மாணவர்களுக்கு யாராவது வந்து பேசுவீர்களா? துறைத்தலைவரிடம் கேட்டேன், மகிழ்ச்சியோடு சம்மதித்தார். மாணவர்கள் பலர் வளைகுடா போக நினைக்கிறார்கள். அட்டவணை என்றால் என்ன என்று நேரில் சொன்னவர் இதுவரை இல்லை.

கீழக்கரை கலங்கரை
ஏப்ரல் 22, காலை 8.10

நான் வருகிறேன் தம்பி. பணம் எதுவும் வேண்டாம். லாத்தா, இது திருப்பித் தருவதில் வருமா?

மண்டபம் முகாம்
ஏப்ரல் 22, காலை 8.25

வரும். கல்லூரியிலிருந்து தேதி, தலைப்பு, நேரம் குறித்த கடிதம் ஒன்று வாங்கி வையுங்கள்.

கீழக்கரை கலங்கரை
ஜூன் 23, இரவு 9.20

இரண்டு மாதம் எழுதவில்லை, மன்னியுங்கள். வாப்பா இப்போது எழுந்து நடக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கான 8 ஏறிவிட்டது. பவர் ஸ்கில்ஸ் 8 முடிந்தது. இரவு இஷாவுக்குப் பிறகு அரை மணி, முக்கால் மணியாகப் பார்த்தேன். பிசினஸ் அக்யூமன் 5.5. கல்லூரியில் இரண்டு நாள், மொத்தம் 4 மணி நேரம் பேசினேன். 17 என்று தொடங்கியது 42.5 ஆகியிருக்கிறது. மீதி 17.5, இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

கல்லூரியில் ஒன்று நடந்தது. நான் துறைமுகப் பணி ஒன்றின் அட்டவணையைத் திரையில் காட்டி விளக்கினேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "இதில் தண்ணீர் எங்கே சார்?" என்று கேட்டாள். ஐயா எழுதிய வாலிநோக்கம் கதையை உச்சிப்புளித் தம்பி முன்பே அவர்களுக்குச் சொல்லியிருக்கிறான். உண்மையில் என் அட்டவணையில் தண்ணீர் இல்லை. அங்கே குழாய் இணைப்பு இருந்ததால் நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். மறுநாள் என் இப்போதைய வேலையின் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை. சேர்த்துவிட்டேன்.

ஞாயிறு அன்று ஐயா வீட்டுத் திண்ணையில் ஏழு பேர் கூடினோம். இரண்டு மணி நேரம் என்று போனோம், நான்கு மணி நேரம் ஆனது. பொருளாக வகுத்துக்கொண்டதை இரண்டு மணி நேரம் பேசினோம், அதனால் 2 மட்டும் பதிந்தேன். மேலே சொன்ன 5.5-இல் அதுவும் அடக்கம்.

நவபாஷாணக் கரை
ஜூன் 24, காலை 5.50

பிள்ளைகள் வந்துபோனதிலிருந்து பரணில் இருந்த பழைய நாட்குறிப்புகளை இறக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1981 முதல் இருக்கிறது. சில பக்கங்கள் செல்லரித்துவிட்டன. எந்த மாதம் எந்த ஊர்க் கிணற்றில் உப்பு எவ்வளவு, எந்த வாரம் காற்றால் வேலை நின்றது என்று எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்தை இப்போது எனக்கே வாசிக்கச் சிரமம். தங்கச்சிமடம் பெண் கணினியில் ஏற்ற முடியும் என்றாள். அடுத்த ஞாயிறு யாராவது ஒரு நல்ல விளக்கு கொண்டுவந்தால், பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

தங்கச்சிமடம் வடகடல்
ஜூன் 24, காலை 6.30

விளக்கும் நானே கொண்டுவருகிறேன் ஐயா. அப்பாவும் வருகிறேன் என்கிறார். காற்று நின்ற நாட்களை அவர் நினைவோடு ஒத்துப் பார்க்க வேண்டுமாம்.